எந்தப் பல் விழுந்தது?

வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில் நான் உட்கார்ந்து பார்த்த முதல் அடிதடி வழக்கில், அரசுத் தரப்பு ஒரு தீப்பெட்டியைச் சான்றுப் பொருளாகக் குறியிட்டது. உள்ளே பஞ்சில் சுற்றிய ஒரு பல். வரப்புத் தகராறு, பங்காளி மண்வெட்டிக் காம்பால் வாயில் அடித்துவிட்டார். அன்று நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் (2024-இல் அதன் இடத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது) 320-ஆம் பிரிவு கொடுங்காயம் எவையென்று எட்டு வகைகளை அடுக்கியது. எலும்போ பல்லோ முறிந்தாலும் இடம் பெயர்ந்தாலும் அது ஏழாவது வகை. எந்தப் பல் என்று சட்டம் கேட்பதில்லை. ஆனால் எதிரித் தரப்பு வக்கீலான என் சீனியர் விடவில்லை. "அந்தப் பல் முன்பிருந்தே ஆடிக்கொண்டிருந்ததுதானே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார். கூண்டில் நின்றவர் சற்று யோசித்தார். "ஆடினாலும் என் பல்தானே, ஐயா" என்றார்.

பல ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தின் பழைய நீதிமன்ற ஏடுகளை மொழிபெயர்ப்பில் படிக்கும் பழக்கம் எப்படியோ ஒட்டிக்கொண்டது. இரவில் அடுத்த நாள் வாய்தாவுக்கான கட்டுகளை ஒதுக்கிவிட்டு, 13-ஆம் நூற்றாண்டில் எவனோ எவனையோ கோடாரியால் வெட்டிய கதையைப் படித்துக்கொண்டிருப்பேன். என் மனைவிக்கு இது புரிவதேயில்லை. பகலெல்லாம் அடிதடி வழக்கு, இரவிலும் அதேதானா என்பாள். அப்படி ஓர் இரவில்தான் என் தீப்பெட்டிப் பல்லுக்கு 750 ஆண்டு மூத்த சொந்தக்காரர்களைக் கண்டுபிடித்தேன்.

மூன்றாம் ஹென்றி காலத்து நீதிபதி ஹென்றி பிராக்டன். 1268-இல் இறந்தவர். அவர் பெயரில் வழங்கும் லத்தீன் சட்ட நூலில் ஒரு கேள்வி எழுகிறது: பல் உடைந்தால் அது 'மேஹெம்' ஆகுமா? மேஹெம் என்பது உடலை ஊனப்படுத்தும் பெருங்குற்றம். நூலின் பதில்: முன்பல் போனால் ஆகும், கடைவாய்ப்பல் போனால் ஆகாது. முன்பல் சண்டையில் எதிராளியை வெல்ல உதவுகிறது. கடைவாய்ப்பல் சோறு மெல்லத்தான் உதவுகிறது!

முதலில் படித்தபோது சிரித்தேன். பிறகு அந்த விதியின் உள்ளே இருக்கும் கணக்கு பிடிபட்டது. மேஹெமுக்கு அளவுகோல் வலி அன்று, அழகு அன்று, பிழைப்புகூட அன்று. காயம் பட்டவன் இனிச் சண்டை போடுவதற்கு முன்னளவு லாயக்கானவனா என்பதுதான் கேள்வி. கண், கை, கால், விரல் போனால் மேஹெம். மண்டையோட்டிலிருந்து எலும்புச் சில்லு பெயர்ந்து வந்தால் மேஹெம். காதை அறுத்தாலும் மூக்கை அறுத்தாலும் பொதுச் சட்டப்படி அது மேஹெம் அன்று. முகம் கெட்டதே தவிர, வாள் பிடிக்கத் தடையில்லை. உடம்பு அவனுடையதாக இருக்கலாம். அது எதற்குப் பயன்பட வேண்டும் என்பதைச் சட்டமே முடிவு செய்தது.

அதற்கு அறுநூறு ஆண்டு முன்னால் அந்தத் தீவில் இன்னொரு கணக்கு இருந்தது. கென்ட் நாட்டு அரசன் எதெல்பெர்ட் கி.பி. 600-ஐ ஒட்டி வெளியிட்ட சட்டம். ஆங்கில மொழியில் கிடைக்கும் ஆகப் பழைய சட்டமும் அதுதான். அதன் பெரும்பகுதி ஒரு விலைப்பட்டியல். காது போனால் 12 ஷில்லிங். கட்டைவிரலுக்கு 20. கட்டைவிரல் நகத்துக்கு 3. நடுவிரலுக்கு 4, மோதிர விரலுக்கு 6, சுண்டுவிரலுக்கோ 11. நடுவிரலைவிடச் சுண்டுவிரல் ஏன் விலை உயர்ந்தது என்று கேட்காதீர்கள். நானும் பல நாள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பற்களுக்கும் வரிசைப்படி விலை: முன்பல் நான்கில் ஒவ்வொன்றுக்கும் 6, அதையடுத்த பல்லுக்கு 4, அடுத்ததற்கு 3, மிச்சமெல்லாம் தலைக்கு 1. பிற்பாடு ஆல்ஃபிரெட் அரசர் வெட்டுக்காயத்தை அங்குலத்தால் அளந்தார். முடிக்குள் மறைந்த காயம் அங்குலத்துக்கு ஒரு ஷில்லிங், முடிக்கு வெளியே தெரிந்தால் இரண்டு.

இந்தப் பட்டியல் இன்று காட்டுமிராண்டித்தனமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பணம் வெட்டுப்பட்டவன் கைக்குத்தான் போயிற்று. வெளியே தெரியும் தழும்புக்கு இரட்டை விலை என்றால், ஊர் முன்னால் முகம் காட்ட வேண்டிய சங்கடத்துக்கும் ஒரு மதிப்பு இருந்தது என்றுதானே பொருள்.

12-ஆம் நூற்றாண்டில் அந்தப் பணம் நின்றுபோனது. பெருங்குற்றங்கள் அரசனின் அமைதிக்கு எதிரானவை என்றாயின. குற்றவாளி தூக்கிலோ உறுப்பிழப்பிலோ முடிவான். அவனுடைய தட்டுமுட்டுச் சாமான் அரசனுக்கு, நிலம் அவனுடைய பிரபுவுக்கு. கை போனவனுக்கு? எதிராளிக்குத் தண்டனை கிடைத்த திருப்தி. அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் திருப்திக்காக வழக்கை நடத்த வேண்டிய பொறுப்பு மட்டும் அவன் தலையிலேயே இருந்தது. 1166-இல் இரண்டாம் ஹென்றி கிளாரெண்டனில் போட்ட ஆணைக்குப் பிறகு, ஊர் ஜூரிகளே குற்றவாளிகளின் பெயரைச் சொல்லும் முறை வந்துவிட்டது. கொலைக்கும் திருட்டுக்கும் அது பெரிதும் பயன்பட்டது. அடிபட்டு உயிரோடு இருப்பவனோ தானே பிராது கொடுத்து, தானே நடத்த வேண்டும். அந்தப் பிராதுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'அப்பீல்'. நம் ஊரில் அப்பீல் என்றால் தோற்ற பிறகு மேல்கோர்ட்டுக்குப் போவது. அங்கே அன்று அதுதான் முதல் அடி.

வெட்டுப்பட்டவுடன் கூச்சல் போட வேண்டும். இது ஆலோசனை அன்று, சட்டக் கடமை. கூச்சல் கேட்ட அக்கம்பக்கத்தார் ஓடிவந்து துரத்த வேண்டும், வராவிட்டால் அவர்களுக்குத் தண்டம். பிறகு இரத்தம் காய்வதற்குள் பக்கத்து நான்கு ஊர்களுக்குப் போய்க் காயத்தைக் காட்ட வேண்டும். அரசனின் உள்ளூர் ஆளிடம் காட்ட வேண்டும். மரணங்களை விசாரிக்கும் அரசு அதிகாரியான கொரோனரிடம் காட்ட வேண்டும். 1194-இல் உருவான பதவி அது; இன்று பிணத்தோடு மட்டும் தொடர்புபடுத்திப் பேசுகிறோம், அன்று உயிருள்ளவன் காயத்தையும் அவர்தான் பார்த்துப் பதிந்தார். காயத்தின் நீளம், அகலம், ஆழம் எவ்வளவு, உடலில் எந்த இடம், என்ன ஆயுதம், யார் வெட்டியது என்று எல்லாவற்றையும் ஏட்டில் ஏற்ற வேண்டுமென்று 1276-ஆம் ஆண்டின் கொரோனர் விதிகள் சொல்கின்றன. நம் அரசு மருத்துவமனைக் காயச் சான்றிதழில் "4 செ.மீ. x 1 செ.மீ. x எலும்பு ஆழம்" என்று டாக்டர் கிறுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் குளம்புச் சத்தத்தோடு ஒரு கொரோனர் வந்து இறங்குவதுபோல எனக்குத் தோன்றும்.

அடுத்து கூடும் கவுண்டி மன்றத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் வாயால் சொல்ல வேண்டும். நான் அரசரின் அமைதியில் இன்ன ஊரில், இன்ன நாளில், இன்ன நேரத்தில் இருந்தபோது, இன்னான் திட்டமிட்டுத் தாக்கி, இன்ன ஆயுதத்தால், வலக்கையிலோ இடக்கையிலோ, இத்தனை நீளம் இத்தனை ஆழம் வெட்டினான். இதை என் உடம்பால் நிரூபிக்கத் தயார். பிறகு அரசரின் சுற்று நீதிபதிகள் அந்தக் கவுண்டிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். சில சமயம் ஆண்டுக்கணக்கில். அவர்கள் வந்ததும் அதே வார்த்தைகளை மறுபடி சொல்ல வேண்டும். கொரோனர் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவார்கள். அன்று நேரம் சொல்லவில்லை, இன்று சொல்கிறாய். அன்று வாள் என்றாய், இன்று கத்தி என்கிறாய். பிராது தள்ளுபடி. தள்ளுபடியோடு போகாது, பொய்ப் பிராது கொடுத்ததற்குத் தண்டம் கட்டு, இல்லையென்றால் சிறைக்குப் போ.

ஏடுகளில் இப்படி விழுந்த பிராதுகள் மண்டிக்கிடக்கின்றன. அதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. முதல் தகவல் அறிக்கையில் "மாலை சுமார் 6 மணி", சாட்சியத்தில் "விளக்கு வைக்கிற நேரம்". இந்த ஒரு முரணைப் பிடித்துக்கொண்டே நான் ஜெயித்த வழக்குகள் உண்டு. பெருமையாகச் சொல்லவில்லை. காயம் ஆறிவிடும். சொன்ன வார்த்தை ஆறாமல் ஏட்டில் கிடக்கும்.

இதில் "என் உடம்பால் நிரூபிக்கத் தயார்" என்பது வெறும் வாய்ப்பேச்சன்று. பிராது கொடுத்தவனும் எதிராளியும் நீதிபதிகள் முன் மோதலாம்; தோற்றவன் பொய்யன். ஊனப்பட்டவன், அறுபது வயது கடந்தவன், பெண் ஆகியோருக்கு இந்தப் போர் இல்லை. சண்டை போட முடியாதபடி ஆக்கிவிட்டான் என்பதுதானே மேஹெம் பிராது. அதை நிரூபிக்கச் சண்டைக்கு வா என்று கூப்பிட்டால் எப்படி? அந்த அளவுக்குத் தர்க்கம் இருந்தது. எதிராளி பழுக்கக் காய்ச்சிய இரும்பையோ வேறு தெய்வச் சோதனையையோ சந்திக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். 1215-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் நான்காம் லாத்தரன் சங்கம் பாதிரியார்கள் அந்தச் சோதனைகளில் கலந்துகொள்ளக் கூடாதென்று தடுத்தது. 1219-இல் இங்கிலாந்து நீதிபதிகள் வேறு வழி தேடும்படி ஆயிற்று. அந்த வெற்றிடத்தில்தான் பன்னிரண்டு பேர் ஜூரி கால் ஊன்றியது.

போர் நடந்தே முடிந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1221, வூஸ்டர். எல்டர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த தாமஸ் என்பவன் தன்னை வெட்டிக் காயப்படுத்தியதாக ஜார்ஜ் என்பவன் பிராது கொடுத்தான். நீதிமன்ற ஏட்டில் சில வரிகள்தான்: இருவரும் பொருதார்கள், தாமஸ் தோற்றான், கண்கள் பிடுங்கப்பட்டு விதை நீக்கப்பட்டான். இதே சம்பவத்தை வூஸ்டர் துறவிகள் புனித வுல்ஃப்ஸ்டனின் அற்புதங்களில் ஒன்றாக விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கதைப்படி, ஜார்ஜ் மணந்த பெண்ணோடு தாமஸுக்கு முன்பு தொடர்பு இருந்தது. முதலில் தடியால் அடித்தவன் ஜார்ஜ்தான். தாமஸ் கையிலிருந்த கோடாரியால் தடுக்கப்போய் இரத்தம் வந்துவிட்டது. இரத்தம் கண்டவன் முந்திக்கொண்டு கூச்சல் போட்டான். தூக்குத் தண்டனையைக் கருணையோடு குறைத்து இந்தத் தண்டனை கொடுத்தார்களாம். வெட்டி எறிந்ததை இளவட்டங்கள் பந்தைப்போல உதைத்து, கூடியிருந்த பெண்கள் பக்கம் தள்ளி விளையாடினார்கள் என்றும் எழுதியிருக்கிறது. கடைசியில் புனிதரின் அருளால் தாமஸுக்குச் சின்னஞ்சிறு கண்கள் மறுபடி முளைத்தனவாம்.

அற்புதத்தை நம்புவது அவரவர் விருப்பம். நான் கவனிப்பது வேறு: தாக்குதல், எதிர்த்தாக்குதல் இரண்டில் யார் காயத்தைக் காட்ட முடிந்ததோ அவனே வாதி. தடியடி கன்றிப்போகும், கோடாரி பிளக்கும். கம்பும் கல்லும் உண்டாக்குவது கன்றல், காயம் அன்று என்று பிராக்டன் நூலும் பிரித்துப் பேசுகிறது. இன்றும் காவல் நிலையத்தில் இரு தரப்புப் புகார் வந்தால், யார் தலையில் தையல் இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறார்கள்.

இவ்வளவு ஆபத்தான பிராதை ஏன் கொடுத்தார்கள்? பலருக்கு அது தீர்ப்பு வாங்கும் வழியல்ல, எதிராளியை ராஜிக்கு இழுத்துவரும் கயிறு. உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து என்றதும் எதிராளி பேச்சுவார்த்தைக்கு வருவான். "சமரசமாகிவிட்டார்கள்" என்று ஏடுகளில் அடிக்கடி வருகிறது. அனுமதியில்லாமல் சமரசம் செய்ததற்கு அதையடுத்துத் தண்டம். அரசருக்குச் சேர வேண்டியதை நீங்களே பங்கு போட்டுக்கொள்வதா? மறுபக்கம், பகையால் புனையப்பட்ட பிராதா என்று விசாரிக்கச் சொல்லி எதிராளி ஓர் ஆணை வாங்கலாம். அதன் லத்தீன் பெயரின் பொருள் 'பகையும் காழ்ப்பும்' என்பது. நம் ஊர் அறிக்கைகளின் 'முன்விரோதம் காரணமாக' அச்சாக அதேதான். 1285-ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் ஒருபடி மேலே போனது: வன்மத்தால் பிராது கொடுத்தவனுக்கு ஓராண்டுச் சிறை, மேலும் நஷ்டஈடு.

இதற்குள் வாதிகள் வேறு கதவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 13-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 'டிரெஸ்பாஸ்' வழக்கு பெருகியது. இன்று பேச்சுவழக்கில் அந்தச் சொல் அடுத்தவன் நிலத்தில் கால் வைப்பதோடு நின்றுவிட்டது. அன்று எந்தத் தீங்குக்கும் அதுதான் பெயர். இதில் போர் இல்லை, தூக்கு இல்லை. ஜூரி சொல்லும், தோற்றவன் பணம் கட்டுவான், பணம் அடிபட்டவன் கைக்கு வரும். எதெல்பெர்ட் காலத்து வழி சுற்றிவளைத்துத் திரும்பி வந்தது. 1278-ஆம் ஆண்டு குளோஸ்டர் சட்டம், பொருள் பறிபோன வழக்கு அரசவை நீதிமன்றத்துக்கு வர 40 ஷில்லிங்காவது மதிப்பு வேண்டும் என்று வரம்பு கட்டியது. அடிபட்டவன் மட்டும் பிராது உண்மை என்று சத்தியம் செய்தால் போதும். வெட்டும் ஊனமும் முன்போலவே வரலாம்.

ஆனால் அரசரின் நீதிமன்றத்துக்குள் நுழைய ஒரு மந்திரம் சொல்ல வேண்டும்: எதிராளி படைக்கலத்தோடும் பலாத்காரத்தோடும், அதாவது வாள், வில், அம்புகளோடு, அரசரின் அமைதிக்கு மாறாக வந்தான். உண்மையில் வாள் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 1317-இல் ஒரு வழக்கு. ஒருவர் ஒரு பீப்பாய் திராட்சை மது வாங்கி, விற்றவரிடமே விட்டுவைத்திருந்தார். விற்றவர் வாள், வில், அம்புகளோடு வந்து, மதுவில் பெரும்பகுதியை இறக்கிவிட்டு உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டார் என்பது பிராது. பீப்பாய் மேல் அம்பு எய்பவரை நினைத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வாய்த்தகராறு வழக்குகளிலும் பழைய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(2) பிரிவுகள் மூன்றும் கோத்த மாலைபோல வந்துவிழுந்தன. யார் யாரை அடித்தாலும் "ஆபாச வார்த்தைகளால் திட்டி, கொலை மிரட்டல் விடுத்து" என்று அறிக்கை தானாக எழுதிக்கொள்ளும். எழுதுகிற ஏட்டையாவை நான் குறை சொல்ல மாட்டேன். கதவுக்கு ஏற்ற சாவியை அவர் வைத்திருக்கிறார்.

இந்த டிரெஸ்பாஸ் ஏடுகளில் எனக்கு மிகப் பிடித்தது 1348-ஐ ஒட்டிய ஒரு வழக்கு. இரவு. மது விற்கும் வீடு, கதவு சாத்தியிருக்கிறது. குடிக்க வந்தவன் கைக்கோடாரியால் கதவில் தட்டுகிறான். வீட்டுக்காரி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, நிறுத்து என்கிறாள். அவன் அவளை நோக்கிக் கோடாரியை வீசுகிறான். படவில்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மனைவி தனியாகப் போட முடியாது. ஜூரிகள் நடந்ததை ஒப்புக்கொண்டு, ஆனால் தீங்கு எதுவும் நேரவில்லையே என்றார்கள். நீதிபதி தார்ப் ஏற்கவில்லை. தீங்கு உண்டு என்றார். நஷ்டஈடு அரை மார்க், அதாவது 6 ஷில்லிங் 8 பென்ஸ்.

அங்குலக் கணக்கில்லை. கொரோனருக்குக் காட்ட ஒரு கீறலும் இல்லை. கோடாரி காற்றில் போன அந்த ஒரு கணத்துக்கு அரை மார்க்! எத்தனையோ நூற்றாண்டு இரத்தத்தையும் எலும்பையும் அளந்த பிறகு, ஒருத்தி பயந்தாள் என்பதும் கணக்கில் ஏறியது. அந்தப் பெண்ணின் பெயர் அறிக்கையில் ஓர் எழுத்தாகத்தான் மிஞ்சியிருக்கிறது.

மேஹெம் மெல்லத் தேய்ந்தது. உறுப்புக்கு உறுப்பு என்ற பழைய தண்டனை வழக்கொழிந்தது; பிற்காலச் சட்டாசிரியர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று, இரண்டாவது முறை அதே குற்றத்தைச் செய்பவனிடம் வெட்ட என்ன மிச்சம் இருக்கும் என்பது. 1350-களில் ஒரு வழக்கில், காயம் மேஹெம்தானா என்று சொல்ல லண்டன் அறுவை மருத்துவர்களை வரவழைத்தார்கள். பார்த்தாலே தெரியும் என்று நினைத்திருந்த நீதிபதிகளுக்கு, பார்க்கத் தெரிந்தவன் ஒருவன் வேண்டியிருந்தது.

1404-இல் நான்காம் ஹென்றியின் பாராளுமன்றம் போட்ட சிறு சட்டம் ஒன்றை மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு படிக்க முடியவில்லை. மக்களை அடித்து, காயப்படுத்திய பிறகு, அவர்கள் நாக்கை அறுப்பதும் கண்களைப் பிடுங்குவதும் நடக்கிறது. இனி முன்வன்மத்தோடு அப்படிச் செய்வது பெருங்குற்றம் என்கிறது அது. ஏன் அப்படிச் செய்தார்கள் என்ற காரணத்தைப் பிற்காலச் சட்டாசிரியர்கள் சொல்கிறார்கள். பிழைத்தவன் சாட்சி சொல்லிவிடக் கூடாது. நாள், நேரம், ஊர், ஆயுதம், வலமா இடமா என்று எல்லாவற்றையும் அவன் வாயாலேயே கேட்ட நீதிமன்றத்தை அந்தக் குண்டர்கள் நன்றாகவே புரிந்துவைத்திருந்தார்கள்.

என் தீப்பெட்டி வழக்கும் ராஜியில்தான் முடிந்தது. வரப்பை அளந்து கல் ஊன்றினார்கள், மருத்துவச் செலவைப் பங்காளி கொடுத்தார். அன்று மாலை பல்லுக்குரியவர் எங்கள் அலுவலகப் படியில் காத்திருந்தார். எதிர்த்தரப்பு வக்கீலிடம் வரக் கூடாதென்று அவருக்குத் தெரியவில்லை.

"தம்பி, வழக்குத்தான் முடிந்துவிட்டதே. அந்தப் பல்லைத் திருப்பித் தருவார்களா?"

மனுப் போட வேண்டும் என்றேன்.

"என் பல்லுக்கா?"

ஆமாம் என்றேன். கோர்ட் கட்டண வில்லை எவ்வளவுக்கு ஒட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்.